பின்னேர வகுப்பும் மச்சாள் தந்த வீடும்

பின்னேரத்தில் படிக்கப் போகட்டுமா என்று வீட்டு எஜமானி சிஞ்ஞோராவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்ற பிரேமினியைப் போன கிழமை குசினி வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவளை இன்னும் நிற்க வைப்பது நியாயமில்லை. பதில் வந்துவிட்டது. ஆனால் அது பாதிப் பதில்தான்.

“படிக்கப் போ, மினி. காலையில் என்னோடு இரு, பின்னேரம் உன்னுடையது. ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு ஆளை நீதான் பிடித்துத் தர வேண்டும்” என்று சொல்லிவிட்டார் சிஞ்ஞோரா நின்ஃபா.

சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து பொருந்தியதிலிருந்து தனியே விட முடியாது. ஒரே மகன் வடக்கே எங்கேயோ இருக்கிறார். பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் அந்தப் பெரிய வீட்டின் சமையல், குளிப்பாட்டல், குளிகை எல்லாம் பதினொரு வருடமாகப் பிரேமினியின் கையில்.

கேட்ட நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. பெரியவர்கள் படிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பதிவதற்கு இன்றுதான் கடைசி நாள். அலுவலகம் பின்னேரத்தில்தான் திறப்பார்கள். ஆள் நேரே போய் ஒரு ரீச்சரோடு இத்தாலியனில் கதைக்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள். பிரேமினிக்கு வேண்டியது தெர்சா மேதியா வகுப்பு. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுக்கும் அந்தச் சோதனையைப் பாஸ் பண்ணினால், ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்கான கோர்ஸில் சேரலாம். யூனிபோம் போட்டுச் செய்து, நேரம் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வரக்கூடிய வேலை அது. வன்னியில் ஒன்பதாம் வகுப்போடு இடம்பெயர்ந்து ஓடத் தொடங்கியவளுக்கு, இதுவே பெரிய கனவு.

காலையிலிருந்து சிறோக்கோக் காற்று வேறு. ஐப்பசி பிறந்த பிறகும் ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து அவர்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியின் பல்கனிகளில் காய்ந்த உடுப்பையெல்லாம் புழுதியாக்கியது. பிரேமினி அதே உடுப்புகளை இரண்டாம் தரம் உதறிக்கொண்டிருந்தபோது புருசன் இரத்தினம் எழும்பி வந்தான்.

“சிஞ்ஞோரா வீட்டைக் கொண்டுபோய் வேற ஆக்களிட்டைக் குடுக்கப்போறீராம்?”

“ஆர் சொன்னது?”

“நிலக்சி.”

சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தவேயில்லை. “நான் அப்பாட்டை மட்டுந்தான் சொன்னனான். ஜூரோ!” என்று சத்தியம் பண்ணினாள். பதின்மூன்று வயது. இந்த வருடம் அவளுக்குத்தான் தெர்சா மேதியா.

“கீழ்வீட்டு வங்காளதேசத்துப் பிள்ளையைக் கேட்டு வைச்சிருக்கிறன். நல்ல பிள்ளை. ஒரு பின்னேரந்தானே?” என்றாள் பிரேமினி.

“இண்டைக்கு ஒரு பின்னேரம். திங்கக்கிழமையிலையிருந்து ஒவ்வொரு பின்னேரமும். பிறகு காலமையும் அந்தப் பிள்ளைதான் வந்து நிக்கும். உம்மடை கொந்திராத்தோவிலைதான் எங்கள் மூண்டு பேரின்ரை பெர்மெஸ்ஸோவும் தொங்குது. மாசியிலை புதுப்பிக்கவேணும். அதை யோசிச்சீரோ?”

அவள் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. இரத்தினம் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிறான். உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் கொந்திராத்தோ, எழுத்தில் வேலை ஒப்பந்தம், என்ற பேச்சை எடுத்தாலே முதலாளிக்குக் காது கேட்காது. மூன்று பேருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைத் தந்து இந்த நாட்டில் நிற்க வைத்திருப்பது சிஞ்ஞோரா நின்ஃபாவின் கையெழுத்துத்தான்.

“அதுக்காகத்தானே காலமை வேலையை விடேல்லை,” என்றாள்.

இரத்தினம் கொஞ்சம் தயங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் அக்காட்டைச் சொல்லிப்போட்டன்” என்றான்.

பிரேமினியின் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. பலெர்மோவில் நம் ஆட்களிடையே வேலை செய்யும் வீடு என்பது வெறும் வேலையல்ல. அது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. ஊருக்குப் போகிறவள் தங்கச்சிக்குக் கொடுப்பாள், வேறு வேலைக்கு மாறுகிறவள் மச்சாளுக்குக் கொடுப்பாள். யார் யாருக்கு எந்த வீட்டைக் கொடுத்தார்கள் என்பது கலியாண வீட்டிலும் நினைவிருக்கும், சண்டையிலும் நினைவிருக்கும். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் காணி உறுதியைவிட இறுக்கமான உரிமை அது. கொடுத்தவரைக் கேட்காமல் வெளியாட்களிடம் விடுவது பெரிய குற்றம்.

சிஞ்ஞோரா நின்ஃபாவின் வீட்டைப் பிரேமினிக்குக் கொடுத்தது இரத்தினத்தின் அக்கா பவளராணி. கடற்கரை ஓட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தபோது, தம்பி பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். சிஞ்ஞோரா பவளராணியைப் ‘பாவ்லா’ என்றுதான் கூப்பிடுவார். முதல் ஒரு வருடம் பிரேமினியையும் பாவ்லா என்றே கூப்பிட்டார். வீட்டோடு பெயரும் சேர்ந்து வந்தது.

அப்படியென்றால் பிரேமினி மச்சாளையே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? அதற்குத்தான் அவளுக்குப் பயம். வெளியாள் வந்தால் பின்னேரம் நின்றுவிட்டுப் போய்விடும். தந்தவர் திரும்ப வந்தால், எழும்பிப் போங்கோ என்று எந்த வாயால் சொல்வது? இதைப் புருசனிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

சொல்ல நேரமும் கிடைக்கவில்லை. மணி அடித்தது. பவளராணி மாடிப்படி ஏறிய களைப்போடு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய விதவை. அடுத்த தெருவில் ஒற்றை அறையில் தனியே இருப்பவள். யாரிடமும் கை நீட்டாதவள் என்று பெயர் எடுத்தவள்.

“தேத்தண்ணி போடட்டே மச்சாள்?”

“தேத்தண்ணி குடிக்க வரேல்லை. நான் குடுத்த வீடு அது, பிரேமினி. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணுமெண்டு உனக்கு வரேல்லை, என்ன?”

“உங்களுக்கு ஓட்டல் வேலை எண்டபடியால்…”

“இண்டைக்கு எனக்கு லீவு. நான் போய் நிக்கிறன். அந்தப் பிள்ளையை வரவேண்டாமெண்டு சொல்லு.”

இரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீரோ! அக்கா எண்டால் அக்காதான்.”

பிரேமினிக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் காரணம் கேட்டால் என்ன சொல்வது? “சரி மச்சாள்,” என்றாள். “மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீலக் குளிகை ஒண்டு. கோப்பிக்குச் சீனி கேப்பா, குடுக்காதேங்கோ…”

“சிஞ்ஞோராவைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தாறியோ?” என்று பவளராணி சிரித்தாள். கோபம் இல்லாத சிரிப்புத்தான்.

மத்தியானம், சிஞ்ஞோரா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் பவளராணி லிபெர்த்தாவுக்கு வந்து சேர்ந்தாள். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய், எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்று தேடாமலே கேத்திலை எடுத்து அடுப்பில் வைத்தாள். பிரேமினி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் நிலக்சி நின்றாள். துணைக்கு வந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல நாலடி தள்ளி நின்றாள்.

“அம்மா, என்ரை கிளாஸ் ஆக்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம்தானே?”

“வந்தால் என்ன? அம்மா படிக்கப்போறா எண்டு சொல்லு.”

“மாம்மா மியா,” என்று நிலக்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே நீண்ட வரிசை. மொறோக்கோப் பெண்கள், நைஜீரியாப் பெடியள், நடுவே தலை நரைத்த பலெர்மோக்காரர் ஒருவர். அந்த மனுசன், தான் சின்ன வயதில் மீன் விற்கப் போனதால் படிக்கவில்லை என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல்களைக் காற்று அடித்து அடித்துத் திறந்தது. பிரேமினி இருந்தாள், எழும்பினாள், திரும்ப இருந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. சிஞ்ஞோரா வீட்டு நம்பர். திருப்பி எடுத்தாள். லைனில் வேறு யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். பவளராணியின் போனுக்கு எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

“சிஞ்ஞோரா விழுந்துபோட்டாவோ தெரியேல்லை. நான் போறன் நிலக்சி.”

“இண்டைக்குத்தானே அம்மா கடைசி நாள்! மாமி அங்கை நிக்கிறாதானே, ஏதாவதெண்டால் மாமி பாப்பா.”

மாமி பவளராணி பார்ப்பாள் என்பதுதான் பிரேமினிக்கு நிம்மதி. அதுவேதான் நிம்மதிக் கேடும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். அதே நேரம் உள்ளேயிருந்து அவளுடைய பெயரை ஒருவர் பாதிப் பிழையாகக் கூப்பிட்டார். நிலக்சி, அந்த நாலடித் தூரத்தையும் மறந்து ஓடிவந்து, அம்மாவின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள்.

ரீச்சர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடும் வகையான ஆள். சிரித்த முகம். “பயப்பட வேண்டாம், சிஞ்ஞோரா. நேற்று உங்கள் நாள் எப்படிப் போனது? சொல்லுங்கள், கேட்போம்” என்றார்.

யாரோ தன்னைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதிலேயே பிரேமினி ஒரு கணம் தடுமாறிவிட்டாள். பிறகு தொடங்கினாள். சிஞ்ஞோரா ஏழு மணிக்கு எழும்பினார். சிஞ்ஞோராவுக்கு முழங்கால் நோவு. சிஞ்ஞோரா பாஸ்தா வேண்டாம், சூப் போதும் என்றார். சிஞ்ஞோரா மகனோடு போனில் கதைத்துவிட்டு அழுதார். இத்தாலியன் தடங்கலில்லாமல் வந்தது. பிரேமினிக்கே பெருமையாக இருந்தது.

ரீச்சர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “மிக நன்று. ஆனால் இது உங்கள் சிஞ்ஞோராவின் நாள். உங்களுடைய நாள் எங்கே?” என்றார்.

பிரேமினி வாயைத் திறந்தாள். பதினொரு வருடத்தில் அந்த மொழியில் அவளைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. சொல்லத் தேவை வந்ததும் இல்லை. பைக்குள் போன் திரும்ப அதிரத் தொடங்கியது. அவளுடைய கை பைப்பக்கம் போனது. ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமினி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நேற்று நான்,” என்று மெதுவாகத் தொடங்கினாள், “இங்கே வரவா விடவா என்று யோசித்தேன். பஸ்ஸில் யோசித்தேன். வெங்காயம் வெட்டும்போது யோசித்தேன். மகள் நித்திரையான பிறகு அவளுடைய சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்காததில் எனக்குக் கோபம் வந்தது. சந்தோசமும் வந்தது. ஏனென்று எனக்குத் தெரியாது.”

போன் அடங்கியது. ரீச்சர் ஒரு படிவத்தை எடுத்து அவளுடைய பெயரை எழுதினார். பிறகு, “தெர்சா மேதியா. திங்கட்கிழமை நாலு மணிக்கு வாருங்கள்” என்றார்.

வெளியே வந்தவுடன் பிரேமினி மகளைக் கட்டிப்பிடித்துவிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நிலக்சி நெளிந்தாள், ஆனால் விலகவில்லை.

“அப்ப ஆனி மாதம் உங்களுக்கும் எனக்கும் ஒரே எசாமே! நீங்கள் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தால் நான் வீட்டை விட்டுப் போயிடுவன்.”

“நீ படி, நான் குறைச்சு எடுக்கிறன்,” என்று பிரேமினி சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு இப்படிச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பு பஸ் தரிப்பு வரைக்கும்தான். போனை எடுத்துப் பார்த்தாள். சிஞ்ஞோரா வீட்டிலிருந்து நாலைந்து தரம் எடுத்திருந்தார்கள். திருப்பி எடுத்தால் இன்னும் லைன் கிடைக்கவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு லிபெர்த்தா பஸ்ஸில் ஏறினாள்.

கதவைத் திறந்தால் உள்ளே சிரிப்புச் சத்தம். பிரேமினிக்கு முதலில் உயிர் வந்தது. சிஞ்ஞோரா சாப்பாட்டு மேசையில் தலை வாரி, சங்கிலி போட்டு, உதட்டுச் சாயத்தோடு இருந்தார். பக்கத்தில் பவளராணி.

“மினி! எத்தனை முறை உனக்குப் போன் செய்தேன், நல்ல செய்தி சொல்ல! கண் விழித்துப் பார்த்தால் என் பாவ்லா நிற்கிறாள்!” சிஞ்ஞோரா பவளராணியின் கையை விடவேயில்லை. “மகனோடும் கதைத்துவிட்டேன். இரவில் நான் தனியே கிடக்கிறேன் என்று அவனுக்கு எப்போதும் கவலை. இன்றிரவிலிருந்தே பாவ்லா இங்கேயே தங்குவாளாம். காலை, பின்னேரம், இரவு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து கொந்திராத்தோவை மாற்றி எழுதுவான். நீ நிம்மதியாகப் படி, மகளே. இனி என்னைப் பற்றி யோசிக்காதே.”

சிஞ்ஞோராவின் கண்ணில் நீர். அந்தக் கிழவி மனமார நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கொந்திராத்தோ போனால் மூன்று பேரின் பெர்மெஸ்ஸோவும் போகும் என்று பிரேமினிக்கு உடனே விளங்கியது. “நன்றி, சிஞ்ஞோரா” என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. குசினிக்குள் போனாள். பவளராணி பின்னால் வந்தாள்.

“ஓட்டல்காரனுக்கு என்ன சொல்லப்போறீங்கள் மச்சாள்?”

“ஓட்டலிலை என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். ஆவணியோடை.”

“என்ன?”

“இளம் பிள்ளையளை எடுக்கிறாங்கள். தம்பிக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது.”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை பஸ்ஸிலை போறதை நானே காணுறனான். எங்கை போறனீங்கள்?”

“எங்கையெண்டில்லை. கடைசித் தரிப்பு மட்டும் போவன். திரும்பி வருவன்.” பவளராணி பீங்கானைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த பீங்கான் அது.

பிரேமினிக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. அதைக் கொட்டத்தான் குசினிக்கு வந்தாள். இப்போது எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. “என்னட்டைக் கேட்டிருக்கலாமே மச்சாள். இப்படிக் களவாக…”

பவளராணி பீங்கானை வைத்துவிட்டு அவளை நேரே பார்த்தாள். “கேட்டிருந்தால் தந்திருப்பியோ?”

பிரேமினி தந்திருக்க மாட்டாள். அதனால்தானே கீழ்வீட்டுப் பிள்ளையைப் பிடித்தாள்! அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“பதிஞ்சிட்டியோ?” என்றாள் பவளராணி.

“ஓம்.”

“நல்லது.” உள்ளேயிருந்து சிஞ்ஞோரா “பாவ்லா!” என்று கூப்பிட்டார். பவளராணி போனாள்.

வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போது இரத்தினம் போன் எடுத்தான். பின்னால் சட்டி பானைச் சத்தம்.

“பதிஞ்சாச்சோ?”

“ஓம். திங்கக்கிழமையிலையிருந்து.”

“சரி சரி. எனக்கும் யோசிக்க யோசிக்கச் சந்தோசமாத்தான் கிடக்கு.” அவன் குரலில் உண்மையாகவே சந்தோசம் இருந்தது. “காலமை வேலை கையிலை இருக்குத்தானே, பெர்மெஸ்ஸோவுக்கும் ஒண்டும் இல்லை. அங்கை எல்லாம் சரியோ? அக்கா வடிவாப் பாத்தவவோ?”

சொன்னால் என்ன நடக்கும் என்று பிரேமினிக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் முகம் பார்க்க மாட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பும் இல்லை, இன்றிரவே ஏதாவது ஒரு வீடு தேடச் சொல்லி நாலு பேருக்குப் போன் போகும். இன்று முதல் தடவையாக ரீச்சர் முன்னால் தன்னைப் பற்றி வாய் திறந்தவள், இப்போது வாயை மூடிக்கொண்டாள்.

“எல்லாம் சரி,” என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நிலக்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஞ்ஞோரா சொன்ன ஒவ்வொரு சொல்லும் அம்மாவைவிட அவளுக்குத்தான் நன்றாக விளங்கியிருக்கும்.

“அம்மா, நாளைக்குக் காலமை நீங்கள் எங்கை போவீங்கள்?”

பஸ் வந்து நின்றது. பிரேமினி மகளை முன்னால் ஏறவிட்டு, தானும் ஏறி, ஜன்னலோரம் இருந்தாள்.

“வழமையா வெளிக்கிடுற நேரத்துக்கு வெளிக்கிடுவன்,” என்றாள். “அப்பாட்டை ஒண்டும் சொல்லாதை.”